முகம் திருப்பிய கம்பளம்

மனித குலத்தின் சகல துன்பங்களுக்கும் ஒரே காரணம், தவறான அறையில் விரிக்கப்பட்ட தவறான கம்பளம்தான் என்று வணிகர் மன்றத்தின் ஆண்டு விழாவில் கம்பள ஆலோசகர் அங்குலம் அறிவித்த அன்று, அவருடைய வீட்டுக் கூடம் நாற்பத்தொரு அடி நீளம் இருந்தது. வீடு மொத்தமே முப்பத்தைந்து அடிதான். போர், மணமுறிவு, முதுகுவலி, பரீட்சையில் தோல்வி ஆகிய நான்கையும் அவர் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கம்பளம் கிடப்பதை நிரூபித்தார். எந்த அறைக்கு எந்தக் கம்பளம் என்பதை, அந்த அறைக்குள் காலே வைக்காமல், நீளம் அகலம் உயரம் என்ற மூன்று எண்களை மட்டும் வைத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தாம்தான் என்றார். "இதை நான் பெருமைக்காகச் சொல்லல. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். கைதட்டல் இரண்டு நிமிடம் நீடித்தது. அந்த வாரம் சிமெண்டு விலை ஏறியிருந்ததால் முன்வரிசைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் கவனக்குறைவாகத் தட்டினார்கள்.

மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப்பையில் அவர் அளவு நாடா குத்தியிருந்தார். பெயர் அதனால் வந்தது. கடைத்தெருவில் இருந்த கம்பளக் கடையின் மாடியில் அவருடைய ஆலோசனை நிலையம். அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் கடைக்குப் போய், கையால் தடவிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு நாலு நடை நடந்து பார்த்து, பிடித்ததை வாங்கி வந்துகொண்டிருந்தார்கள். இந்த அநாகரிகத்துக்கு அங்குலம் முற்றுப்புள்ளி வைத்தார். வாடிக்கையாளர் ஒரு சீட்டில் மூன்று எண்களை எழுதிக்கொண்டு மாடியேறினால் போதும். அவர் மேற்கொண்டு இரண்டே கேள்விதான் கேட்பார். சோபா என்ன நிறம்? வீட்டுக்கு வரும் உறவினர்களில் யாரைக் கண்டால் அதிகம் எரிச்சல்? மனிதர்கள் கம்பளத்தை நடப்பதற்காக வாங்குவதில்லை, அடுத்தவர் பார்ப்பதற்காக வாங்குகிறார்கள் என்பது அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே உண்மை. அதை வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஓட்டினார். 'அறையும் விரிப்பும்: இறுதி முடிவு' என்ற நூலையும் எழுதினார். அது ஊரில் எல்லா வீட்டிலும் இருந்தது. ஒரு வீட்டில் ஆடும் மேஜைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த நூலாசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. தரையோடு சம்பந்தப்பட்ட வேலைதானே என்றார்.

அவருடைய ஆலோசனையின் பலன்கள் ஊரெங்கும் தெரிந்தன. வக்கீல் வீட்டில் கட்சிக்காரர்கள் காத்திருக்கும் அறைக்கு, கணுக்கால் மறையும் அளவுக்கு இழை நீண்ட கம்பளம் போடச் சொன்னார். பார்த்தவுடன் பயம் வர வேண்டும் என்பது வக்கீலின் விருப்பம். முதல் வாரம் அது ஒரு பேனாவை விழுங்கியது, இரண்டாம் வாரம் இரண்டு சாவிக்கொத்து, மூன்றாம் வாரம் அவற்றைத் தேட வந்த தூசி உறிஞ்சும் இயந்திரம். அடுத்து, பாகப்பிரிவினை வழக்குக்காக வந்த ஒருவர் தம் வழக்குக் கட்டோடு உள்ளே போய்ப் பதினோரு நாள் கழித்துப் புத்தக அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். உள்ளே நல்ல தூக்கம் என்றும், தம்பிக்கே வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றும் சொன்னார். வக்கீலுக்கு அப்போதுதான் ஆபத்து புரிந்தது.

பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது நைலான். தேயாது, மங்காது, அரசாங்கத்துக்கு ஏற்றது என்று எழுதிக் கொடுத்தார். மழையில்லாத மாதங்களில் அதன் மேல் நடப்பவர்களுக்கு மயிர் குத்திட்டு நின்றது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் பொறி பறந்தது. இரண்டாம் கோடையில் எழுத்தர்கள் அனைவரும் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றார்கள். கோப்புகள் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டன. வேலையின் வேகத்தில் எந்த மாறுதலும் இல்லாததால் பொதுமக்கள் இதை நெடுநாள் கவனிக்கவில்லை. பதினெட்டு ஆண்டு பணியில் தங்களுக்குக் கிடைத்த முதல் உயர்வு இதுதான் என்று எழுத்தர்களும் புகார் கொடுக்கவில்லை. பல் மருத்துவர் வெள்ளைக் கம்பளிக் கம்பளம் கேட்டார், கிடைத்தது. அது அவ்வளவு வெள்ளையாக இருந்ததால் நோயாளிகள் யாருக்கும் அதில் கால் வைக்க மனம் வரவில்லை. அவர்கள் சுவர் மேல் நடந்து சிகிச்சை அறைக்குப் போனார்கள். மருத்துவர் ஆண்டுக்கு இரண்டு முறை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், கம்பளத்தை ஒரு முறைகூடத் துவைக்கவில்லை. அங்குலம் இதைத் தம் வெற்றிகளில் ஒன்றாக நூலின் மூன்றாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். குளியலறை வாசலுக்குச் சணல் விரிப்பு வாங்கிய குடும்பம் மட்டும் குறையொன்றும் சொல்லவில்லை. அது முளைத்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு அறுவடை.

இத்தனைக்கும் பிறகு ஊர் அமைதியாக இருந்ததற்குக் காரணம் அங்குலத்தின் மனைவியுடைய தம்பி. கடையில் கம்பளம் விரிக்கும் வேலை அவனுக்கு. அவன் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. எந்தக் கம்பளத்தின் இழையும் நேராக நிற்காது, ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். விரிப்பவர்கள் அந்தச் சாய்வை முகம் என்பார்கள். முகத்தோடு தடவினால் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் குத்தும். உள்ளங்கையெல்லாம் காய்த்துப் போயிருந்ததால் அவனுக்குக் கையில் தெரியாது. எனவே கம்பளத்தின் மேல் குப்புறப் படுத்து, கன்னத்தை வைத்துப் பார்ப்பான். பார்க்கும்போது, "எங்க பாக்கறே? இந்த இடம் உனக்குச் சரிப்படுமா?" என்று தணிந்த குரலில் கேட்பான். கம்பளம் சொல்லும். வக்கீல் வீட்டுக் கம்பளம் தன்னை யாரும் ஷூவோடு மிதிக்காத இடத்தில் போடச் சொன்னது. அவன் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருட்டிக்கொண்டு போய், ஆறு மாதமாகத் தூக்கமில்லாமல் தவித்த தபால்காரரின் படுக்கையறையில் விரித்தான். தபால்காரர் இன்றுவரை காலையில் எழுந்திருக்கக் கஷ்டப்படுகிறார். கட்சிக்காரர்கள் அறைக்கு, இழையை வெட்டாமல் சுருள் சுருளாக நெய்த முரட்டுக் கம்பளம் போனது. அது எவ்வளவு பேர் மிதித்தாலும் வாய் திறக்காது. பல் மருத்துவரிடம் பழுப்பில் புள்ளி போட்ட ஒன்று. நைலானை ஈரக்காற்று வரும் மாடிப்படிக்கு மாற்றினான். எழுத்தர்கள் வருத்தத்தோடு நாற்காலியில் இறங்கினார்கள். இதையெல்லாம் அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நன்றிக் கடிதங்கள் மாடிக்கு வந்தன. அங்குலம் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிவைத்தார்.

மைத்துனனுக்குக் கன்னம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பல் மருத்துவர் வீட்டில் அவன் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு நாள் நேரில் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ளே, சொல்லுதா ஏதாவது?"

"சொல்லுது அத்தான்."

"சாப்பிட்டுதாமா?"

"உங்க ஷூ குத்துதுன்னு சொல்லுது" என்றான் அவன், கன்னத்தை எடுக்காமல்.

அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் அங்குலம் ஒரு காட்சியைச் செய்துகாட்டுவது வழக்கமாயிற்று. மேடை மேஜையின் விரிப்பில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, "ஏம்மா, எந்தப் பக்கம்மா பாக்கறே?" என்று குழைவார். சபை உருண்டு சிரிக்கும். படித்தவர்கள் அதிகம் உள்ள சபை என்றால் இன்னும் அதிகமாகச் சிரிக்கும்.

அங்குலத்தின் மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் டீச்சர்தான். பதினான்கு ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் கம்பளம் சொன்னவரின் கூடத்தில் வெறும் தரை கிடக்கிறதே என்று டீச்சர் ஒரே ஒரு முறைதான் கேட்டார். அங்குலம் உடனே ஒரு நீலத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்த நீலம் ஆலையில் இரண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருந்தது: வாசல் பக்கத்துக்கு ஒன்று, சமையலறைப் பக்கத்துக்கு ஒன்று, நடுவில் மூட்டு. சமையலறைப் பக்கம் இடது சுவரை ஒட்டி ஒரு தூண். தூணுக்காகத் துண்டின் ஓரத்தில் ஒரு சதுரம் வெட்ட வேண்டும். சொந்த வீடு என்பதால் அங்குலம் தாமே அளந்து, தாமே கத்தி எடுத்தார். கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு முதுகுப்பக்கமாகத்தான் வெட்ட வேண்டும். கவிழ்த்தால் இடது வலதாகும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் தெரிந்துகொள்ளும் விஷயம். அங்குலம் இந்தத் தொழிலில் முதல் நாளைத் தாண்டிக் குதித்து வந்தவர். விரித்துப் பார்த்தால் தூண் இடது பக்கம் நிற்கிறது, சதுரம் வலது பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.

"அத்தான், வெட்டினது மாறிப்போச்சு" என்றான் கன்னம்.

"மாறல. துண்டை அப்படியே அரைச்சுத்து சுத்திப் போடு, சரியா வரும்."

"சதுரம் சரியா வரும். முகம் திரும்பிடுமே. இது சமையக்கட்டைப் பாக்கும், அது வாசலைப் பாக்கும். ரெண்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கிடக்கும் அத்தான்."

"ரெண்டுக்கும் என்னப்பா சண்டை? பஞ்சாயத்து வைக்கலாமா?"

"வேண்டாம், வாசப் பக்கத் துண்டையும் திருப்பிடறேன். அதுல வெட்டு ஒண்ணும் இல்ல. அரை மணி வேலை. ரெண்டும் ஒரே பக்கம் பாத்துட்டுப் போகுது."

அங்குலம் கொஞ்சம் யோசித்தார். ஒரு துண்டைத் திருப்பினால் அது யோசனை. இரண்டையும் திருப்பினால் முதலில் தப்பு நடந்திருக்கிறது என்று ஆகும். "என் பக்கத்தை நான் எதுக்குத் திருப்பணும்?" என்றார். கன்னம் இரண்டு துண்டையும் மூட்டில் ஒட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். இழைச் சாய்வு எதிரெதிராக இருந்ததால் ஒரே நீலம் பாதிக் கூடத்தில் வெளிறியும் பாதியில் கறுத்தும் தெரிந்தது. அதற்கு அங்குலம் அன்று மாலைக்குள் 'இருமுக நீலம்' என்று பெயர் வைத்துவிட்டார். ஊரில் ஏழு வீடுகளில் அதே மாதிரி போட்டுக்கொண்டார்கள். அந்த ஏழு வீடுகளில் பிறகு என்ன நடந்தது என்று தெரியவில்லை. அங்கே கணவன் மனைவிக்கு நடுவில் ஏற்கெனவே போதுமான தூரம் இருந்ததால் யாரும் அளந்து பார்க்கவில்லை.

இந்த வீட்டில் அளந்தார்கள். கூடம் இருபத்தொரு அடியாக இருந்தது. மறுநாள் காலையில் இருபத்தொரு அடி ஓர் அங்குலம். மூட்டுக்கு இரு பக்கமும் கம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி நீண்டது. தரையும் கூரையும் அதற்கு ஏற்ப ஒத்துழைத்தன. வீட்டின் வெளிச்சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. டீச்சர் முப்பது நாள் குறித்துவைத்து, வளைவு ஏதும் இல்லாத நேர்கோடு என்று உறுதி செய்துகொண்டார். "தினம் ஓர் அங்குலம். உங்க பேரைச் சொல்லி வளருது" என்றார். நகராட்சியிலிருந்து வந்த அளவையாளர் வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை நாடா பிடித்து, இரண்டு அளவும் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மின்பணியாளர் பன்னிரண்டு அடிக்கு ஒரு விசிறி வீதம் மாட்டிக்கொண்டே வந்தார்.

சமையலறை டீச்சர் பக்கம் இருந்தது. சோபாவும் முன்வாசலும் அங்குலத்தின் பக்கம். முதல் சில மாதம் டீச்சர் பின்கதவைத் திறந்து, சந்து வழியாகச் சுற்றி, முன்கதவால் வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனார். வெளியே அதே நாற்பது காலடிதான். ஒரு நாள், "இன்னைக்கு நீங்க சுத்தி வாங்களேன்" என்றார்.

"சொந்த வீட்டுல சமையக்கட்டுக்குப் போக ரோட்டைச் சுத்திப் போகணுமா? பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"நான் சுத்தி வந்தா ஒண்ணும் நினைக்க மாட்டானா?"

அங்குலம் நாடாவை எடுத்து மறுபடி சட்டைப்பையில் குத்திக்கொண்டார். டீச்சர் அன்றோடு சுற்றி வருவதை நிறுத்தினார். அவர் பக்கத்திலேயே ஒரு கட்டில், ஒரு மேஜை, மின்விளக்கு. அங்குலம் மெஸ்ஸில் சாப்பிட்டார். நடுவே நடந்து பார்க்காமல் இல்லை. ஆனால் வாசல் பக்கத்து இழைகள் எல்லாம் வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்ததால், உள்நோக்கி நடப்பவரின் ஷூவை அவை பின்னுக்குத் தள்ளின. சைக்கிளில் முயன்றார், அது அவரைச் சோபாவில் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

ஆண்டு விழாவுக்கு மறுநாள் டீச்சர் செல்போனில் கூப்பிட்டார். இருவரும் பேச அப்போது செல்போன் தேவைப்படத் தொடங்கியிருந்தது.

"என்னங்க, நேத்து மேடையில என் தம்பி மாதிரி பண்ணிக் காட்டினீங்களா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ராத்திரியோட ராத்திரி ஒம்பதடி கூடியிருக்கு."

அதற்குப் பிறகு கணக்கு சுலபமாயிற்று. சாதாரணக் கூட்டம் என்றால் ஒன்பதடி. பத்திரிகைப் பேட்டி என்றால் பதினைந்து. இளைஞர்களுக்கு வழிகாட்டும் சொற்பொழிவு என்றால் முப்பது. அங்குலத்தின் புகழ் உச்சத்தில் இருந்த காலம் அது. மாதத்தில் ஐந்து நாள் பேசினார். ஒரு மாலைகூட அவர் மறுக்கவில்லை. இரண்டாம் ஆண்டு டீச்சரின் முகம் தெரியாமல் போனது, மூன்றாம் ஆண்டு புடவை நிறம். நான்காம் ஆண்டு கூடம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியபோது, அந்தக் கோடியில் அசையும் ஒரு புள்ளி மனைவியா கொடியில் காயும் துணியா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. சில மாலைகளில் அவர் துணிக்குக் கையசைத்தார்.

ஐந்தாம் ஆண்டு தொடக்கத்தில் டீச்சருக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வும் வேறு ஊருக்கு மாற்றலும் வந்தன. புதன்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கிளம்பறேன்."

"திரும்பி எப்ப வருவே?"

"வர்றதுக்கு வீடு எங்க இருக்கு? கூடம்தான் இருக்கு."

"இரு, நான் சுத்தி வரேன். இப்பவே வரேன்."

"அஞ்சு வருஷம் கழிச்சா? வேண்டாம். பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டாச்சு. வர்றதா இருந்தா கூடத்து வழியா வாங்க." டீச்சரின் குரலில் கோபம் இல்லை என்பதுதான் அங்குலத்துக்குப் பயமாக இருந்தது.

அவர் முதலில் தம் நூலை எடுத்துப் பார்த்தார். எதிர்முகம் பற்றிய அத்தியாயத்தில், அப்படி ஒன்று கிடையாது என்று ஆதாரங்களோடு நிறுவியிருந்தார். எழுத்து நன்றாக இருந்தது. வியாழக்கிழமை கடைக்குக் கீழே இறங்கிப் போய், கம்பளச் சுருள் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற மைத்துனனைத் தனியாக அழைத்தார்.

"மாப்ளே, அந்த வாசப் பக்கத் துண்டு... அரை மணி வேலைன்னியே."

"அப்ப பத்தடி அத்தான். இப்ப அரை கிலோமீட்டர். அதை யார் தூக்கித் திருப்புறது? அதுவாத் திரும்பினாத்தான் உண்டு."

"அதுவா எப்படித் திரும்பும்?"

"கேக்கணும்."

"சரி, நீ வந்து கேட்டுடு. உனக்குத்தான் பழக்கம்."

"நான் கேட்டா என் முகத்துக்காகத் திரும்பும், நான் படியிறங்கினதும் பழையபடி போயிடும். அது கிடக்கறது உங்க பக்கம்."

அங்குலம் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "என்னைப் படுத்துக் கேக்கச் சொல்றியா?"

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல அத்தான். நீங்க நிபுணர்" என்று சொல்லிவிட்டுக் கன்னம் சுருளோடு வண்டிக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்குலம் முன்வாசலிலிருந்து புறப்பட்டார். அன்று அவருக்கு இரண்டு கூட்டங்கள் இருந்தன. இரண்டுக்கும் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். நூறு அடி போவதற்குள் ஷூ மூன்று முறை அவரைச் சோபாவுக்கே கொண்டுவந்தது. நான்காம் முறை அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போய், கையில் எதற்கு என்று அதையும் கீழே வைத்தார், இழைகள் அதை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போயின. வெறுங்காலின் விரல்கள் இழையைப் பற்றிக்கொண்டு நகர்ந்தன. கம்பளத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவருக்கு அது காலுக்குக் குத்தும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைக்கு மேல் விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றன. நூற்று நாற்பதாவது விசிறிக்குக் கீழே மூட்டு வந்தது. இந்தப் பக்கம் வெளிறிய நீலம், அந்தப் பக்கம் கறுத்த நீலம். தாண்டிவிடலாம் என்று காலை வைத்தார். வைத்த கால் தரையைத் தொடுவதற்குள் மூட்டு இன்னும் மூன்றடி தள்ளிப் போனது. மறுபடி வைத்தார், மறுபடி போனது. மூன்றாம் முறைக்குப் பிறகு நின்றுவிட்டார்.

ஒன்பதரை ஆகியிருந்தது. அங்குலம் வாசல் பக்கம் பார்த்தார், யாரும் இல்லை. சுவர்ப் பக்கம் பார்த்தார். கூரையையும் பார்த்துக்கொண்டார். நாடாவைப் பையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, முழங்காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, பெருமூச்சு விட்டு, படுத்தார்.

சமையலறை வாசலில் பெட்டியோடு நின்ற டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல், தம்பியின் அழைப்பை எடுத்தார்.

"அக்கா, மணியாகுது. வண்டி எடுத்துட்டு வரட்டுமா?"

"இருப்பா. உன் அத்தான் நடுக்கூடத்துல குப்புறக் கிடக்கார்."

"விழுந்துட்டாரா?"

"இல்ல. வாய் அசையுது."

"எந்தக் கன்னம் கீழ இருக்கு?"

"இடது."

"முகம் எந்தப் பக்கம்? வாசலைப் பாத்தா, உன்னைப் பாத்தா?"

டீச்சர் தொலைநோக்கியின் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினார். "என்னைப் பாத்து."

"சரி, நீ உக்காரு. அது பதில் சொல்ல நேரமாகும். அஞ்சு வருஷக் கதை இருக்கும்."

டீச்சர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தூரத்தில் அங்குலம் ஒரு கையால் இழைகளைத் தடவியபடி, குறுக்கே பேசாமல், அது சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். இடது கன்னம் தரையில் இருந்ததால் தலையாட்டுவது அவ்வளவு சுலபமாக இல்லை.